வாங்கிய எஞ்சின் மாடல் ஏன் வளைந்துகொடுப்பதில்லை?

கேள்வி: நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றின் கேட் (CAD) மாடலை, அதாவது கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவத்தை, விலைக்கு வாங்கினேன். அது ஸ்டெப் (STEP) கோப்பாக, அதாவது பல வரைகலை மென்பொருள்களுக்கும் பொதுவான வடிவில், வந்தது. சிலிண்டர் விட்டத்தை 86 மி.மீ.யிலிருந்து 88 ஆக்க வேண்டும். ஆனால் திருத்துவதற்கு எந்த அளவும் கிடைக்கவில்லை. துளையை வெட்டிப் பெரிதாக்கி, பிஸ்டனை 'ஸ்கேல்' செய்தேன். இப்போது பிஸ்டனை கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின் தளர்ந்து நிற்கிறது. பிஸ்டனின் தலையும் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கிற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. உயர்நிலைப் பயிற்சியில் சேர்ந்தால் இதைச் சரிசெய்யலாம் என்கிறார் விற்றவர். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். உங்களுக்குக் குறைவது பயிற்சியன்று. அந்தக் கோப்பில்தான் குறை. ஸ்டெப் கோப்பு வடிவத்தை மட்டுமே சுமந்து வருகிறது. எந்த ஸ்கெட்சில் (அடிப்படைக் கோட்டு வரைவில்) தொடங்கி, எந்த அளவை வைத்து, எந்த வரிசையில் அது உருவானது என்ற விவரம் அதில் வராது. இது விற்றவருக்கு நன்றாகத் தெரியும். 'முழு எஞ்சின், எல்லா மென்பொருளிலும் திறக்கும்' என்று விளம்பரம் செய்யும் இடைத்தரகர்கள், திறந்தபின் திருத்த முடியுமா என்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

'ஸ்கேல்' கட்டளை எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். 86ஐ 88 ஆக்கும்போது 22 மி.மீ. கட்ஜன் பின்னுக்கான துளை 22.5ஐத் தாண்டிவிடுகிறது. கட்ஜன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம் 32 மி.மீ. என்றால், அது ஏறக்குறைய 32.74 ஆகிறது; நீங்கள் பார்த்த நீட்டல் அதுதான். மாற்ற வேண்டியது விட்டம் ஒன்றே.

ஆகவே புதிதாக வரையுங்கள். சிலிண்டர் விட்டம், பிஸ்டன் வீச்சு (பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரம்), கனெக்டிங் ராடின் நீளம், சிலிண்டர் மையங்களுக்கு இடையிலான தூரம் ஆகிய நான்கையும் முதல் ஸ்கெட்சில் பெயரிட்டு வைத்து, மற்ற பாகங்களின் முக்கிய அளவுகள் இவற்றிலிருந்தே பிறக்குமாறு செய்யுங்கள். வீச்சு 86 என்றால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் ஆரம் அதில் பாதி, 43. விட்டம் 88 ஆனதும் கொள்ளளவு 1998 சி.சி.யிலிருந்து சுமார் 2092 சி.சி. ஆகும், மைய தூரம் 94 ஆக இருந்தால், அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே இருந்த 8 மி.மீ. சுவர் 6 ஆகச் சுருங்கும். பிளாக்கிற்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் அந்தக் குறுகிய இடத்தில்தான் அடைத்து நிற்க வேண்டும் என்பதால், உங்கள் உண்மையான கவலை அங்கே இருக்க வேண்டும். பயிற்சி நடத்துபவர்களோ இதைக் கேட்காமல், எத்தனை கட்டளைகள் மனப்பாடம் என்பதைக் கேட்டே சான்றிதழ் தருகிறார்கள். வேலைக்கு எடுப்பவர்களும் மென்பொருளின் பெயரைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த முறை மாறும் வரை அந்த வியாபாரிகளுக்குக் குறைவில்லை.

ஆயத்த மாடல்களை ஏற்றுக்கொள்ளக்கூடிய ஓரிடம் உண்டு. அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் பேச்சைக் கேட்டு போல்ட்டின் மரையைக்கூடத் தாங்களே வரைந்து நாட்களை வீணாக்கியவர்கள் உண்டு. போல்ட், நட்டு, பேரிங், ஆயில் சீல் போன்றவற்றை நீங்கள் வடிவமைக்கப் போவதில்லை, வாங்கப் போகிறீர்கள். அவற்றின் அளவுகள் தரநிலைகளிலும் தயாரிப்பாளரின் பட்டியலிலும் நிலையாக இருக்கின்றன. பல தயாரிப்பாளர்கள் மாடலை இலவசமாகவே தருகிறார்கள். அவை ஸ்டெப் கோப்பாக வந்தாலும் பாதகமில்லை: பேரிங்கின் விட்டம் போதவில்லையென்றால் அதைத் திருத்தமாட்டீர்கள், வேறு எண்ணுள்ள பேரிங்கை எடுப்பீர்கள். பிஸ்டன் அப்படிப்பட்டதன்று; அது உங்கள் சிலிண்டருக்கென்றே பிறப்பது.

பாகங்களைப் பொருத்திய புதிய அசெம்பிளி தயாரானதும் கிராங்க்‌ஷாஃப்ட்டை ஒரு சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு வீச்சு எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், 720 டிகிரி சுழற்றி முடித்தால்தான் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கின்றனவா என்பது முழுமையாகத் தெரியும்.