தடை செய்த தளம் மறுநாளே எப்படித் திரும்ப வருகிறது?

புதுப்படங்களைத் திருட்டுத்தனமாகப் பகிரும் தளங்களை அரசும் நீதிமன்றங்களும் தொடர்ந்து முடக்கியும் அவை எப்படி ஓடுகின்றன, இந்த நடவடிக்கைகளால் பலன் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மாவட்ட அளவில் இயங்கும் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் நான் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வரும் தடைப் பட்டியல்களைக் கையாளும் பொறுப்பும் என்னுடையதுதான். முகவரியை முடக்குவதால் கிடைக்கும் பலன் சில நாட்களுக்கு மேல் நிற்பதில்லை என்பதும், படம் களவு போகும் இடத்தையும் அந்தக் களவில் காசு பார்க்கும் வழியையும் பிடித்தால்தான் எதுவும் மாறும் என்பதும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

பட்டியல் மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாக வரும். பெரும்பாலும் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்த தாள்கள். நகலெடுத்து ஒட்ட முடியாது. ஒரே தளத்தின் பெயர் கடைசி எழுத்துகள் மட்டும் மாறி ஏழெட்டு வரிகளில் இருக்கும். ஒன்று என்ற எண்ணா, ஆங்கில எல் எழுத்தா என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியை (ஐபி) தரும் எங்கள் டிஎன்எஸ் சர்வரில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் எங்கள் வாடிக்கையாளர் அந்தப் பெயரைக் கேட்டால் சர்வர் சரியான ஐபி முகவரியைத் தராமல் தடை அறிவிப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். நாங்கள் செய்யும் தடை என்பது இவ்வளவுதான். வாடிக்கையாளர் தன் கைப்பேசியில் டிஎன்எஸ்ஸைக் கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிக்கொண்டால் எங்கள் சர்வரைக் கேட்கவே வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் சில, இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் வெளிப்படையாகச் செல்லும் இடத்தைக் கவனித்து அங்கேயும் அறுக்கின்றன; அதைத் தாண்ட, இணைப்பை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போதும். தளம் நடத்துபவருக்கோ இதைவிட எளிது. படங்களும் தரவுத்தளமும் இருந்த இடத்திலேயே இருக்க, சில நூறு ரூபாய்க்குப் புதிய டொமைன் (தளப் பெயர்) ஒன்றை வாங்கி அதோடு இணைத்து, டெலிகிராம் சேனலில் புதிய முகவரியை அறிவித்துவிட்டால் அன்று மாலையே கடை திறந்துவிடும்.

சட்டத்தின் தரப்பிலும் இந்தச் சிக்கல் புதிதன்று. எதிரி யாரென்றே தெரியாத வழக்குகளில் 'அசோக் குமார்' என்ற பொதுப்பெயரில் ஆணை வாங்கும் வழக்கம் நம் உயர் நீதிமன்றத்தில் உண்டு. 2012இல் '3' திரைப்படத்தின் தயாரிப்பு நிறுவனம் அப்படி ஒரு தடையாணை பெற்றபோது, இணையச் சேவை நிறுவனங்கள் சில அதை நிறைவேற்றுவதாக எண்ணி விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளிப் பகிர்வுத் தளங்களை முழுமையாக மூடிவிட்டன. அந்த ஆண்டு ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், திருட்டுப்படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டுமே தடை பொருந்தும், முழுத் தளத்துக்கும் அன்று என்று தெளிவுபடுத்தியது. நியாயமான தெளிவுரை, ஆனால் இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தகவலை மறைகுறியாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறைக்கு மாறிவிட்ட நிலையில், வாடிக்கையாளர் எந்தத் தளத்துக்குச் செல்கிறார் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும், அங்கே எந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்பது தெரியாது. பக்கத்தை மட்டும் தடுங்கள் என்று எந்த நீதிபதி சொன்னாலும் சேவை நிறுவனத்தால் அதைச் செய்ய வழியில்லை. முழுத் தளத்தையும் மூடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

மூடுவதால் யாருக்கு வலிக்கிறது என்பதை 2017 ஆகஸ்டில் நேரில் கண்டேன். இரண்டு இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணைகளில் 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. அவற்றுள் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் ஒன்று. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, "தம்பி, நான் பழைய உரைநூல் பார்க்கிற இடத்தை அரசாங்கம் ஏன் மூடிவிட்டது?" என்று கேட்டார். அச்சில் கிடைக்காத நூற்றாண்டுப் பழமையான பதிப்புகளை அவர் அங்கேதான் படித்துவந்தார். அந்தத் தளத்தின் நிர்வாகிகளுக்கே தடையைப் பற்றி முன்னறிவிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. சில நாட்களில் தடை நீங்கியது, ஆனால் உலகறிந்த நூலகம் என்பதால்தான் அவ்வளவு விரைவாக நீங்கியது. அதே போன்ற பட்டியலில் தவறாகச் சிக்கும் சிறிய தளத்துக்காக யார் பேசுவார்கள் என்ற கவலை எனக்கு இன்றும் தீரவில்லை.

2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், திரைப்பட நிறுவனமான யுடிவி தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பு இதைவிடக் கவனமானது. திருட்டுக்கென்றே நடத்தப்படும் தளம் எது என்பதற்கு அளவுகோல்களை அது வகுத்தது: உரிமையாளர் தன் அடையாளத்தை மறைக்கிறாரா, நீக்கச் சொன்ன நோட்டீஸ்களைப் புறக்கணிக்கிறாரா, தளத்தின் முதன்மை நோக்கமே களவுதானா என்றெல்லாம் பார்க்கச் சொன்னது. அத்தகைய தளம் புதுப்பெயரில் வந்தால் மறுபடி வழக்குத் தொடுக்காமலே அந்தப் பெயரையும் பட்டியலில் சேர்க்கவும் வழி செய்தது. இவையெல்லாம் எனக்கு ஏற்புடையவை. அதே தீர்ப்பு, திருட்டுப் படங்களைப் பதிவிறக்குவோருக்கு எச்சரிக்கை அனுப்பி, கேட்காவிட்டால் அபராதம் விதிக்கும் கொள்கையை அரசு ஆராயலாம் என்றும் சொன்னது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிரான்ஸ் இதைச் செய்து பார்த்த நாடு. ஹடோபி என்ற அமைப்பின் வழியாக 2010 முதல் சந்தாதாரர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பினார்கள். மூன்றாம் முறையும் சிக்கினால் இணைப்பையே நிறுத்தலாம் என்று சட்டம் சொன்னது. 2012இல் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டவர் ஒரு கைவினைத் தொழிலாளி; பாடல்களை இறக்கியது தானே என்று அவரிடமிருந்து பிரிந்துகொண்டிருந்த மனைவி ஒப்புக்கொண்டும், இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் 150 யூரோ அபராதம் அவர் தலையில் விழுந்தது. 2013 ஜூலையில் இணைப்பைத் துண்டிக்கும் தண்டனையை அரசே விலக்கிக்கொண்டது. நம் ஊரில் நிலைமை இன்னும் மோசமாகும். ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் போதாததால் எங்களைப் போன்ற நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கிறோம். எந்த வீட்டிலிருந்து பதிவிறக்கம் நடந்தது என்று பிரித்துச் சொல்ல, நொடிக்கணக்கிலான நேரமும், ஒவ்வோர் இணைப்பையும் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் சேர்ந்து கிடைக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் வரும் கடிதத்தைக் கொண்டு நான் யாரைக் கைகாட்டினாலும் அவர் நிரபராதியாக இருக்கலாம்.

பார்த்தாலே சிறையா என்று பலர் பயந்து கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திருட்டுத் தளத்தைப் பார்ப்பதே மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றம் என்ற பொருளில் 2016இல் தடைப் பக்கங்களில் ஒரு வாசகம் வந்தது. மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், வெறுமனே பார்ப்பது குற்றமன்று, அனுமதியின்றிப் பரப்புவதும் பொதுவில் காட்டுவதும்தான் குற்றம் என்று கூறி அந்த வாசகத்தைத் திருத்த வைத்தார். ஆனால் பயனர்களே கோப்பின் துண்டுகளை ஒருவருக்கொருவர் பகிரும் டோரண்டில் இறக்குபவர் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் இறங்கிய துண்டுகள் அப்போதே பிறருக்கும் போய்க்கொண்டிருக்கும், அது பரப்புதல்.

எனக்கு நம்பிக்கை தருவது 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம். அனுமதியின்றித் திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வதும் அந்தப் பிரதியைப் பரப்புவதும் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறைக்குரியவை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கித் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். அந்த ஆண்டு நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் புகார் பெறுவதற்கென அதிகாரிகளை நியமித்து, அவர்கள் உத்தரவிட்டால் 48 மணி நேரத்துக்குள் உள்ளடக்கத்தை நீக்க வேண்டும் என்றது. டெலிகிராம் சேனல்களுக்கு எதிராக இது பயன்படும், ஏனெனில் அங்கே நாங்கள் முடக்குவதற்குத் தனி டொமைன் எதுவும் இல்லை.

இதில் போலீஸ் காட்டும் அக்கறைதான் முக்கியம். கொச்சி சைபர் போலீசார் 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒரு திரையரங்குக்குள்ளேயே, புதுத் தமிழ்ப் படம் ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தவரைப் பிடித்தார்கள். டிஜிட்டல் திரையிடலில் படத்துக்குள் பார்வைக்குத் தெரியாத குறியீடுகள் பதிக்கப்படுவதால், வெளியான பிரதி எந்த அரங்கில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியும். முதல் காட்சி முடிந்த சில மணி நேரத்துக்குள் அந்தக் குறியீட்டைப் படித்து அரங்குக்குப் போகும் விசாரணை ஒன்று, நான் தட்டச்சு செய்யும் ஐந்நூறு முகவரிகளைவிடப் படத்தைக் காப்பாற்றும்.

அடுத்தது பணம். இந்தத் தளங்களில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் சூதாட்ட விளம்பரங்கள். லண்டன் நகரப் போலீசின் அறிவுசார் சொத்துக் குற்றப்பிரிவு 2014 முதல், திருட்டுத் தளங்களின் பட்டியலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து அங்கே விளம்பரம் போவதைத் தடுத்துவருகிறது. நம் மாநிலத்திலும் தயாரிப்பாளர்களும் போலீசும் அத்தகைய பட்டியலைப் பராமரிக்கலாம். எங்களுக்கு அனுப்பும் தடைப் பட்டியலையும் பொதுவில் வெளியிட்டு, ஒவ்வொரு தடைக்கும் ஒரு காலாவதித் தேதி குறித்து, தவறாகச் சிக்கியவர் முறையிட ஓர் அதிகாரியின் பெயரையும் அதில் அச்சிட வேண்டும் என்று துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.