சோழ நாட்டில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள்?

கேள்வி: "மத்தியகாலப் பேரரசுகளின் மக்கள்தொகை" என்று ஒரு பட்டியல் கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. தாங் சீனாவுக்கு 5,29,19,309 என்று கடைசி இலக்கம் வரை கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஒரே கலகத்தில் 3.6 கோடிப் பேர் மடிந்தார்கள் என்றும் இருக்கிறது. இங்கிலாந்துக்கு 1086ஆம் ஆண்டுக் கணக்கே உண்டு. சோழப் பேரரசுக்கு மட்டும் நம் ஆய்வாளர்கள் ஓர் எண்ணைச் சொல்லத் தயங்குவது ஏன்? நில அளவையில் உலகுக்கே வழிகாட்டிய அரசு குடிகளை எண்ணாமலா இருந்திருக்கும்? எங்கள் பள்ளிக் கண்காட்சிப் பலகையில் "இரண்டரைக் கோடி" என்று எழுத இருக்கிறோம். சரிதானே?
வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. அந்த எண்ணை எழுத வேண்டாம். பிள்ளைகள் படிக்கப்போகும் பலகை என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சீனக் கணக்கு. 5,29,19,309 என்பது இட்டுக்கட்டியது அன்று. 755ஆம் ஆண்டுக்கான அரசுப் பதிவேட்டிலிருந்து நமக்கு வந்திருக்கும் எண் அது. ஆனால் தாங் அரசு குடும்பங்களைப் பதிந்ததன் நோக்கம், நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்துத் தானியம், துணி, உடலுழைப்பு மூன்றையும் கறப்பது. பெயர் ஏறினால் சுமை ஏறும். ஊரைவிட்டு ஓடியவர்கள், பெரிய பண்ணைகளில் அடைக்கலம் புகுந்தவர்கள் எனப் பலர் ஏட்டுக்கு வெளியே இருந்தார்கள். இது நம் காலத்து ஆய்வாளர்களின் ஐயம் மட்டுமல்ல. தூ யோவ் என்ற தாங் அதிகாரி, அரசின் நிதி நிர்வாகத்தில் ஊறியவர், 801இல் முடித்த 'தோங்தியன்' என்னும் பெருநூலில் இந்தக் கணக்கைப் பதிந்தார். ஏட்டில் உள்ளவை சுமார் 89 லட்சம் குடும்பங்கள் என்றாலும், நாட்டில் குறைந்தது 130, 140 லட்சம் குடும்பங்களாவது இருந்திருக்கும் என்று தம் மதிப்பீட்டையும் அதே நூலில் எழுதிவைத்தார். கணக்குப் பிள்ளைகளின் ஏட்டை உள்ளிருந்து பார்த்தவர் சொன்ன சொல் இது. உங்கள் பட்டியலைத் தயாரித்தவர் எட்டு இலக்கம் வரை நம்புகிற எண்ணை, அந்த அரசின் அதிகாரியே நம்பவில்லை.

அந்த 3.6 கோடி சாவு எங்கிருந்து வந்தது? 764ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருப்பவர்கள் சுமார் 1.69 கோடி. 5.29 கோடியிலிருந்து அதைக் கழித்தால் 3.6 கோடி. வேறு எந்த ஆதாரமும் இதற்குக் கிடையாது. 755 இறுதியில் ஆன் லூஷான் என்ற படைத்தலைவன் தொடங்கிய கலகம் 763 வரை நீடித்தது. தலைநகர் சாங்ஆன் விழுந்தது, பஞ்சம் வந்தது, ஏராளமானோர் செத்தார்கள். அதில் ஐயமில்லை. ஆனால் ஏடு எழுதிய நிர்வாகமும் அதே போரில் சிதைந்தது. வடகிழக்கே ஹெபெய்ப் பகுதியின் படைத்தலைவர்கள் கலகம் ஓய்ந்த பிறகும் பேரரசருக்கு வரியும் அனுப்பவில்லை, குடிக்கணக்கும் அனுப்பவில்லை. அங்கே உழுதுகொண்டிருந்த அத்தனை குடும்பங்களும் கழித்தல் கணக்கில் பிணங்களாகிவிட்டன. 780இல் அரசே பழைய தலைக்கணக்கு வரியைக் கைவிட்டு, சொத்தையும் நிலத்தையும் பார்த்து ஆண்டுக்கு இருமுறை வசூலிக்கும் முறைக்கு மாறியது. பழைய ஏட்டை மீட்க முடியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. மனித வரலாற்றின் மிகப் பெரிய படுகொலைகளின் வரிசையில் இந்த 3.6 கோடியை அச்சிட்ட புத்தகங்கள் உண்டு. எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது. செத்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் அவர்களுக்குச் செய்யும் அவமரியாதைதான்.

இன்னொரு சீனக் கணக்கையும் பாருங்கள். 1102இல் சொங் அரசின் ஏட்டில் சுமார் 2.02 கோடிக் குடும்பங்கள், 4.53 கோடித் தலைகள். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு இரண்டேகால் பேர்கூட இல்லை. அப்படி ஒரு நாடு இருக்க முடியாது. அந்தத் தலைக்கணக்கு வரிக்கும் ஊழியத்துக்கும் உரிய ஆண்களை மட்டுமே குறிக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று கொண்டால் மொத்தம் பத்துக் கோடியை எட்டுகிறது. ஒரே ஏட்டை ஒருவர் படித்தால் நாலரைக் கோடி, இன்னொருவர் படித்தால் பத்துக் கோடி. உங்கள் பட்டியலில் சொங் அரசுக்கு எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பட்டியலைத் தொகுத்தவர் இந்தச் சிக்கலை அறிந்தவரா என்று தெரிந்துவிடும்.

இங்கிலாந்துக் கதையும் வேறு அன்று. 1377இல் பதினான்கு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் நான்கு பென்ஸ் தலைவரி கட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. பிச்சையெடுத்துப் பிழைப்பவர்களுக்கு விலக்கு. பாதிரிமாருக்குத் தனி வசூல். அப்போது கட்டியவர்கள் சுமார் 13.55 லட்சம். 1381இல் வரியை மூன்று மடங்காக்கி, ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்றார்கள். வயது வரம்பை ஓராண்டுதான் உயர்த்தியிருந்தார்கள். ஆனாலும் கட்டியவர்கள் 9 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கினார்கள். நான்கே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. மணமாகாத மகள், விதவைத் தாய், வீட்டோடு இருந்த சகோதரி ஆகியோரின் பெயர்களைக் குடும்பங்கள் சொல்லாமல் விட்டன. விடுபட்டவர்களைத் தேடி ஆணையர்கள் ஊர் ஊராகப் போனபோதுதான் எஸ்ஸெக்ஸில் குடியானவர்கள் எழுந்தார்கள். அது லண்டனையே உலுக்கிய பெருங்கிளர்ச்சியாக மாறியது. இங்கே கிளர்ச்சி நடந்ததால் மறைத்தது வெளியே தெரிந்தது. கிளர்ச்சி நடக்காத நாடுகளில் எத்தனை பெண்கள் இப்படி ஏட்டில் ஏறாமல் போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1377 கணக்கை வைத்துக்கொண்டே, பதினான்குக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எவ்வளவு, ஏய்த்தவர்கள் எவ்வளவு என்ற இரண்டு ஊகங்களை மாற்றி மாற்றி வைத்து, இங்கிலாந்தின் மக்கள்தொகை 22 லட்சம் என்பவரும் உண்டு, 30 லட்சம் என்பவரும் உண்டு. இரண்டு பேரும் பொறுப்பான ஆய்வாளர்கள்தாம்.

நீங்கள் சொல்லும் 1086ஆம் ஆண்டுக் கணக்கு, வெற்றிவேந்தன் வில்லியம் எடுக்கச் சொன்ன 'டூம்ஸ்டே' ஏடு. அதில் சுமார் 2.69 லட்சம் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். லண்டன் இல்லை, வின்செஸ்டர் இல்லை, வடகோடி மாவட்டங்கள் இல்லை. குடும்பத்துக்கு மூன்றரைப் பேர் என்றால் ஏட்டில் உள்ள பகுதிக்கு ஒன்பதரை லட்சம், ஐந்து என்றால் பதின்மூன்றரை லட்சம். அதில் வரும் அடிமைகளைத் தனி ஆளாக எண்ணினார்களா, வீட்டுத் தலைவராக எண்ணினார்களா என்பதே இன்னும் தீராத வழக்கு. பெருக்கும் எண்ணை ஏடு தருவதில்லை. அதை ஆய்வாளர்தான் போடுகிறார். பிரான்சில் 1328இல் அடுப்பு வாரியாக, அதாவது குடும்ப வாரியாக, எடுத்த கணக்கில் பாரிஸுக்கு 61,000 அடுப்புகள் இருக்கின்றன. அதை வைத்து இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பவர்களும், அந்த எண்ணையே ஏற்காமல் ஒரு லட்சத்துக்குள் நிறுத்துகிறவர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். குடிகளை எண்ணாமலா இருந்திருப்பார்கள் என்று கேட்டீர்கள். எண்ணியிருக்கலாம். ஓலையில் எழுதியிருந்தால் அந்த ஓலை நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை கல்வெட்டுகளும் செப்பேடுகளும். அவை ஒரு கொடையை, ஒரு விற்பனையை, ஒரு வரிநீக்கத்தை நிலைநிறுத்த வெட்டப்பட்டவை. முதலாம் இராசராசன் 1001ஆம் ஆண்டு வாக்கில் நாட்டை அளக்கச் செய்தான். வேலி என்னும் நில அளவு ஒன்றை ஐயாயிரம் கோடிக்கும் மேலான கூறுகளாகப் பகுத்து அதில் ஒரு கூறுவரை குறிக்கும் பின்னங்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இருக்கின்றன. நீங்கள் பெருமைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அளந்தது நிலத்தை.

அந்தக் கல்வெட்டுகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர் ஒவ்வொன்றுக்கும் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரியில்லாத பகுதிகளைக் கழிப்பார்கள். ஊர் நத்தம், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாளர் வாழும் கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஒவ்வொரு சேரியின் பரப்பும் பின்னத்தின் பின்னம்வரை துல்லியமாக இருக்கிறது. அந்தச் சேரியில் எத்தனை குடிசைகள், எத்தனை உயிர்கள் என்று ஒரு சொல் கிடையாது. வயலில் இறங்கி உழைத்தவர்கள் கழித்தல் கணக்கில் ஒரு பரப்பாக மட்டுமே நிற்கிறார்கள். நாம் ஒரு மொத்த எண்ணை வீசி அவர்களையும் எண்ணிவிட்டது போலக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

நெல்லைக் கொண்டு கணக்கிடலாமே என்பார்கள். நல்ல வழிதான். அந்த ஊர்களின் காணிக்கடன், அதாவது நிலவரி, வேலிக்குச் சுமார் நூறு கலம் நெல் என்பது தெரியும். ஆனால் அது விளைச்சலில் ஆறில் ஒரு பங்கா, மூன்றில் ஒரு பங்கா என்பதில் உடன்பாடு இல்லை. அந்த ஒரு கேள்வியிலேயே விடை இரண்டு மடங்காக மாறும். அந்த நெல்லை அளந்த 'ஆடவல்லான்' மரக்காலை இன்றைய லிட்டருக்குக் கொண்டுவருவதில் இன்னொரு சிக்கல். மேலும், காவிரிக் கழனிக்குப் பொருந்தும் விகிதத்தைக் கொங்கின் மேய்ச்சல் நிலத்துக்கோ தொண்டைநாட்டு ஏரிப் பாசனத்துக்கோ அப்படியே போட முடியாது. 1871 கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கிப் போகலாம் என்போருக்கும் இதே பதில்தான். 1830களில் முக்கொம்பில் மேலணை கட்டிய பிறகு உருவான தஞ்சைக் கழனியின் நெருக்கத்தை எண்ணூறு ஆண்டு பின்னால் கொண்டு வைக்கக் கூடாது.

சோழப் பேரரசு என்றால் எந்த எல்லை? சோழமண்டலமும் பாண்டிமண்டலமும் மட்டுமா? ஆந்திரக் கரையின் வேங்கி உண்டா? ஈழம் உண்டா, உண்டென்றால் எந்த ஆண்டு வரை? 1025இல் படை போய் வந்த கடாரத்தையும் சேர்த்து வண்ணம் தீட்டிய வரைபடங்கள் இருக்கின்றன. எல்லையை விரித்தால் மக்கள்தொகை தானே ஏறும். உங்கள் இரண்டரைக் கோடி எந்த வரைபடத்துக்கு, எந்த ஆண்டுக்கு என்பது பட்டியலில் இல்லை.

மதிப்பீடே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோர்லாந்து என்ற ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி 1920இல் அக்பர் கால இந்தியாவுக்குப் பத்துக் கோடி என்று கணக்கிட்டார். வடக்குக்கு அக்பர் அரசின் நிர்வாக நூலான 'அயினி அக்பரி' தரும் சாகுபடிப் பரப்பை வைத்தார். தெற்குக்கு விசயநகரத்தின் படையையும் தக்காணச் சுல்தான்களின் படைகளையும் சேர்த்துப் பத்து லட்சம் என்று கொண்டு, ஒரு வீரனுக்கு முப்பது குடிகள் என்று பெருக்கி மூன்று கோடி என்றார். படை எண்ணிக்கை அயல்நாட்டுப் பயணிகளின் குறிப்பிலிருந்து வந்தது. முப்பது என்பது அவர் தேர்ந்துகொண்டது. இரண்டும் ஆட்டம் காண்பவை. கிங்ஸ்லி டேவிஸ் 1951இல் அந்த மொத்தத்தைப் பன்னிரண்டரைக் கோடியாக உயர்த்தினார். இர்பான் அபீப் பின்னர் பதினான்கு முதல் பதினைந்து கோடி என்றார். இவர்களால் மோர்லாந்தைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் ஒவ்வொரு படியையும் திறந்து வைத்துவிட்டுப் போனதுதான். உங்கள் பட்டியலில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. எண் மட்டும் நிற்கிறது.

நம் ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நொபோரு கராசிமா, எ.சுப்பராயலு போன்றோர் ஆயிரக்கணக்கான சோழர் கல்வெட்டுகளில் ஊர்ப் பெயர், ஆட்பெயர், வரிப்பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணியவர்கள். எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுகிறவர்களின் வேலை அது அன்று. எண்ண முடிந்ததை எண்ணினார்கள், கல் சொல்லாததை அதன் வாயில் திணிக்கவில்லை.

உங்கள் பலகைக்கு வேறு ஓர் எண் தருகிறேன். நானூறு. இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிப் பெண்களின், எண்ணிக்கை அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளைவுள்ள பங்கு ஒன்று என்று பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வரிசையாக வெட்டியிருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதிவரச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களைப் பலகையில் எழுதுங்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான்.