கனமான ஈயக் குண்டு போட்டால் நாட்டுத் துப்பாக்கி குறி தப்பாதா?

வாய்வழியாகக் கருமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில், உருண்டைக் குண்டுக்குப் பதில் கனமான நீளக் குண்டு போட்டால் குறி சரியாக விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழல் ஏற்றுக்கொண்டால் விழும். ஏற்கவில்லை என்றால் எவ்வளவு கனம் கூட்டினாலும் விழாது.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகு, இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கூடினாலே இந்தப் பேச்சுதான். ஆனால் நான் இதைக் கண்ணால் பார்த்தது அமெரிக்காவில், இண்டியானாவில் வேலை பார்த்த காலத்தில். கூட வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்கு அழைத்துப் போவார். அவருடைய ரைஃபிளில் அரை அங்குலக் குழல், உள்ளே குண்டைச் சுழல வைக்கும் சுருள் வரிப்பள்ளம், அதாவது புரி, 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண்ணெய்த் துணியில் சுற்றிய 177 கிரெயின் உருண்டை, அதாவது பதினொன்றரை கிராம், 50 கஜத்தில் ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. அடுத்து 370 கிரெயின் நீளக் குண்டு. ஐந்தில் மூன்று, குறித்தாளிலேயே படவில்லை. மற்ற இரண்டும் போட்ட ஓட்டை வட்டமாக இல்லாமல் புளியங்கொட்டை மாதிரி இருந்தது, குண்டு பக்கவாட்டில் புரண்டு வந்து பட்டிருக்கிறது.

கனத்தைவிட இங்கே நீளம்தான் முக்கியம். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும், அதற்குப் புரி நெருக்கமாக இருக்க வேண்டும். 1879-ல் ஆங்கிலக் கணித அறிஞர் கிரீன்ஹில் தந்த கணக்கு எளிது: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்று வரும். அரை அங்குல விட்டம், ஒரு அங்குல நீளம் என்றால் 37.5. நண்பரின் 60 அங்குலக் குழல் எங்கே, இது எங்கே! பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான 1853 என்ஃபீல்டு 78 அங்குலப் புரியிலும் 530 கிரெயின் குண்டைச் சுட்டதே என்று கேட்கலாம். அந்தக் குண்டின் பின்பக்கம் குடைந்திருக்கும், கனமெல்லாம் முன்னால், அதனால் அது வேறு கதை.

உங்கள் துப்பாக்கியின் புரியை அளப்பது சுலபம். குழல் காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, தானாகச் சுழலும் கைப்பிடி உள்ள கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள், கம்பி கால் சுற்றுத் திரும்ப எத்தனை அங்குலம் போகிறது என்று பார்த்து நாலால் பெருக்குங்கள். கம்பி திரும்பவே இல்லை என்றால் புரியே கிடையாது. நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அப்படித்தான், அதில் கனமான நீளக் குண்டு போட்டால் கூடுதல் அழுத்தம்தான் மிச்சம்.

புரி இருந்தால், லைசென்ஸ் உள்ள ரேஞ்சில் மட்டும் சோதியுங்கள், தோட்டத்தில் வேண்டாம். சுத்தமான மெது ஈயமா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். ஒவ்வொரு குண்டையும் தராசில் எடை போடுங்கள், மற்றவற்றைவிட எடை குறைந்தால் உள்ளே காற்றுக்குழி இருக்கும், ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைத்து, ஐந்து குண்டாவது சுட்ட பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். அப்புறம், குண்டு மருந்தின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்கும்போது, கெட்டிக்கும் கம்பியில் குழல் வாய்க்கு நேராகக் கத்தியால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை கெட்டிக்கும்போது அந்தக் கோடு குழல் வாய்க்கு வரவில்லை என்றால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, அந்த நிலையில் சுட்டால் குழல் வெடிக்கலாம்.