முப்பத்தெட்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு பென் டிரைவ்

கேள்வி: தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். இங்கே 26 கம்ப்யூட்டர், மாதவரம் கிடங்கில் 12. கொஞ்சம் விவரம் தெரிந்தவன் என்பதால் அத்தனையும் என் தலையில் விழுந்துவிட்டது. எந்த சாஃப்ட்வேருக்குப் புதுப் பதிப்பு வந்தாலும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். மாதவரத்துக்கு மாதம் இரண்டு தடவை பைக்கில் போய் வருகிறேன். டிஜிட்டல் கையொப்பம் போடும் யூஎஸ்பி டோக்கனுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் மாறினால் ஒரு வாரம் அதிலேயே போய்விடும். இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றிலும் ஏற்ற வழி உண்டா? முதலாளியிடம் என்ன வாங்கித் தரச் சொல்வது?

பதில்: வழி உண்டு. ஆனால் முதலாளியிடம் இப்போதே எதையும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் படி இருக்கிறது, பைக் இருக்கிறது, பென் டிரைவ் இருக்கிறது. அந்த 38 கம்ப்யூட்டரிலும் என்னென்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை. 38-ம் 38 விதமாக இருக்கும்வரை எவ்வளவு விலையுள்ள கருவியை வாங்கினாலும் நீங்கள் படியேறுவது நிற்காது. கருவி சொல்லும்: 29-ல் ஏறியது, 9-ல் ஏறவில்லை. அந்த ஒன்பதுக்கு மறுபடி நீங்கள்தான் போக வேண்டும்.

அதனால் முதல் வேலை ஒரு கணக்கெடுப்பு. கணக்கருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, சரக்கிருப்புப் பார்ப்பது போலத்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு வரி: எந்த மேசை, யார் உட்காருகிறார், விண்டோஸ் எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம், உள்ளே என்னென்ன சாஃப்ட்வேர், எந்த பிரிண்டர். ஓசிஎஸ் இன்வென்டரி, ஜிஎல்பிஐ போன்ற இலவசக் கருவிகள் இதைத் தாமாகவே எடுத்துத் தரும். ஆனாலும் முதல் தடவை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்து பாருங்கள். மானிட்டரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு சீட்டு எந்தக் கருவியின் கண்ணிலும் படாது.

இந்தக் கணக்கில் மூன்று விஷயம் தலைகாட்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, ரிச்சி தெருவில் அவசரத்துக்கு வாங்கிய லேப்டாப்களில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருக்கும். ஹோம் பதிப்பை அலுவலக டொமைனில், அதாவது எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே சர்வரின் கீழ் கொண்டுவரும் அமைப்பில், சேர்க்க முடியாது. புரோ பதிப்புக்கு மாற்ற உரிமம் வாங்க வேண்டும். இரண்டு, விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் தேவை. எத்தனை தேறும், எத்தனையை மாற்ற வேண்டும் என்பதும் இந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். மூன்று, கிராக் காப்பிகள். பர்மா பஜாரில் சிடி வாங்கிய காலம் மலையேறிவிட்டது, பழக்கம் மலையேறவில்லை. உரிமம் இல்லாததை ஒரே இடத்திலிருந்து 38 கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்பது தப்பை நீங்களே ரசீது போட்டு வைப்பது போல. தவிர, கிராக் வேலை செய்வதற்காக ஆன்டிவைரஸை யாரோ எப்போதோ நிறுத்தி வைத்திருப்பார்கள். அது இன்னமும் நின்றபடியே இருக்கும்.

சரி, இப்போது கருவி. உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு இரண்டு பாதைகள்தான் பொருந்தும்.

முதல் பாதை டொமைனும், அதிலிருந்து எல்லா கம்ப்யூட்டருக்கும் விதி போடும் குரூப் பாலிசியும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது, இன்றும் வேலை செய்கிறது. ஒரு சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி என்ற பதிவேட்டு வசதியை நிறுவி, எல்லா கம்ப்யூட்டரையும் அதில் உறுப்பினராக்க வேண்டும். ஏற்ற வேண்டிய எம்எஸ்ஐ கோப்பை (விண்டோஸ் நிறுவிக் கோப்பு வகை) சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்து, 'இந்தக் குழுவுக்கு இது' என்று எழுதிவிட்டால், காலையில் கம்ப்யூட்டர் எழும்போது சர்வரைக் கேட்டு, எடுத்து, ஏற்றிக்கொள்ளும். விண்டோஸ் சர்வர் உரிமம் கட்டுப்படியாகாது என்றால் லினக்ஸில் சாம்பா என்ற இலவச சாஃப்ட்வேரை வைத்தும் டொமைன் நடத்தலாம். 2012 இறுதியில் வந்த சாம்பா 4.0 முதல் அந்த வசதி இருக்கிறது.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். ஏற்றும் வேலையைச் செய்வது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு இல்லை, அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக் கணக்கு. யாரும் லாகின் செய்வதற்கு முன்பே வேலை நடந்துவிடுகிறது. ஆகவே கோப்பு இருக்கும் இடத்தை, ஆள் லாகின் செய்த பிறகே தெரியும் 'இசட் டிரைவ்' என்று கொடுத்தால் அதற்குப் புரியாது. சர்வர் பெயரோடு முழு முகவரியும் வேண்டும். அந்த ஃபோல்டரைப் படிக்கும் அனுமதியை ஆட்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்க மறந்தாலும் ஏறாது. நானே ஒரு முறை இதற்காக இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இரண்டாவது பாதை ஏஜென்ட். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன நிரலை ஒரே ஒரு தடவை ஏற்றிவிட வேண்டும். அது குறித்த நேரத்துக்கு ஒரு முறை மைய சர்வரிடம் போய் 'எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா' என்று கேட்கும். நாம் தள்ளுவதில்லை, அதுவாக வந்து வாங்கிக்கொள்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் இன்று லீவில் இருப்பவரின் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை திறந்ததும் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும், மாதவரத்தைத் தனியாக அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நம் ஊர் ஜோஹோவின் மேனேஜ் இன்ஜின் பிரிவு தரும் எண்ட்பாயின்ட் சென்ட்ரல் இந்த வகைதான். திறமூலத்தில் ஓப்சி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365-இன் பிசினஸ் பிரீமியம் சந்தா ஏற்கெனவே இருந்தால் அதற்குள்ளேயே இதே வேலையைச் செய்யும் இன்ட்யூன் அடங்கியிருக்கிறது. அப்போது வேறெதுவும் வாங்க வேண்டாம்.

இரண்டு இடம், முழுநேர ஆள் இல்லை, சர்வரைக் கவனிக்க நேரமும் இல்லை. உங்கள் நிலைமைக்கு ஏஜென்ட் வகையைத்தான் சொல்வேன். தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரின் திரையை இயக்க உதவும் எனிடெஸ்க் போதாதா என்று முதலாளி கேட்பார். அது படிக்கட்டை மட்டும்தான் மிச்சப்படுத்தும். 38 தடவை செய்ய வேண்டிய வேலையை அப்போதும் 38 தடவைதான் செய்வீர்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

இனி உங்கள் டோக்கன். பெரும்பாலான சாஃப்ட்வேர் நிறுவிகள், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்துவார் என்று நம்பி எழுதப்பட்டவை. மையத்திலிருந்து ஏற்றும்போது எதிரே ஆள் இல்லை. யாருக்கும் தெரியாத ஒரு ஜன்னலில் 'சம்மதமா?' என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் அது நாள் முழுக்கக் காத்திருக்கும். கருவியின் திரையில் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு நிறுவியையும் மௌனமாக ஓட வைக்க வேண்டும். எம்எஸ்ஐ கோப்புகளுக்கு அதற்கென்று பொதுவான கட்டளை உண்டு. மற்றவை எந்தப் பொதியாக்கியில் (நிறுவியை உருவாக்கும் கருவி) செய்யப்பட்டனவோ அதைப் பொறுத்துக் கட்டளை மாறும். ஒன்றில் சிறிய எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து போடாவிட்டால்கூட ஏற்காது. சாஃப்ட்வேர் தந்தவரின் கையேட்டில் 'சைலன்ட் இன்ஸ்டால்' என்ற பகுதியைத் தேடுங்கள், இல்லையென்றால் அவர்களிடமே கேளுங்கள்.

டோக்கன் டிரைவரில் இன்னொரு முடிச்சு. 'இந்த நிறுவனத்தை நம்பலாமா?' என்று விண்டோஸ் தனியாக ஒரு கேள்வி கேட்கும். அந்த நிறுவனத்தின் சான்றிதழை முதலிலேயே எல்லா கம்ப்யூட்டரின் நம்பகமான வெளியீட்டாளர் பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்தக் கேள்வி வராது. முதலில் சான்றிதழ், அப்புறம் டிரைவர். வரிசை மாறக்கூடாது.

ஜாவாவிலும் கவனம் வேண்டும். சில கையொப்பச் செயலிகள் ஜாவாவின் குறிப்பிட்ட பதிப்பையே கேட்கும். எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்று தானியங்கி அப்டேட்டைத் திறந்துவிட்டால், மறுநாள் சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் கையொப்பம் நிற்கும். ஜாவாவை அந்தப் பதிப்பிலேயே பூட்டி வையுங்கள். ஆரக்கிள் ஜாவாவின் உரிம விதிகள் 2019-இலிருந்து மாறிவிட்டன. அலுவலகப் பயன்பாட்டுக்குப் பணம் கேட்கும் பதிப்பை அறியாமல் 38-லும் ஏற்றிவிடாமல் பாருங்கள். ஜாவாவின் திறமூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயின் டெமுரின் போன்ற இலவசப் பதிப்பில் உங்கள் செயலி ஓடுகிறதா என்று முதலில் சோதிக்கலாம்.

சோதனை என்றதும் ஒரு எச்சரிக்கை. கைக்கு இந்த வலிமை வந்ததும் ஒரே அழுத்தில் எல்லாவற்றிலும் ஏற்றிப் பார்க்கத் தோன்றும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையுள்ள ஒரு அப்டேட்டை ஒரே நேரத்தில் உலகம் முழுக்க அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்தன. நம் விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் அளவுக்கு விதி எளிது: முதலில் உங்கள் கம்ப்யூட்டர். இரண்டு நாள் கழித்து நான்கு பேர். ஏற்றுமதி, இறக்குமதி, கணக்கு, கிடங்கு ஆகியவற்றிலிருந்து ஒருவர் வீதம். ஒரு வாரம் புகார் வராவிட்டால் மற்றவர்கள். பழைய பதிப்பின் நிறுவியை அழிக்காதீர்கள், பின்வாங்க அது ஒன்றுதான் வழி.

நேரமும் முக்கியம். வெகுநாள் முன்பு ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ஒரு பிடிஎஃப் ரீடரை அனுப்பினேன். ரீஸ்டார்ட்டைத் தடுக்கும் குறியை மறந்துவிட்டேன். இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியைப் பாதி நிரப்பியிருந்தவர்களின் திரைகள் வரிசையாக அணைந்தன. அதைத் தாக்கல் செய்யத் தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000 ரூபாய் கட்டணம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று தாமதம் ஆகவில்லை, ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். ராத்திரியில் செய்யலாமே என்றால், நம் பழைய அலுவலகங்களில் கடைசியாகப் போகிறவர் மெயின் ஸ்விட்சையே இறக்கிவிட்டுப் போவார். மின்சாரமே இல்லாத கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து எழுப்ப முடியாது. மதியச் சாப்பாட்டு நேரம்தான் எனக்குத் தோதாக இருக்கிறது.

மாதவரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 3 ஜிபி அளவுள்ள ஒரு தொகுப்பை 12 கம்ப்யூட்டரும் தனித்தனியாக இறக்கினால் 36 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பை முழுசாகப் பிடித்துக்கொண்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிடங்கில் வேறு எதுவும் நகராது. அங்கேயே ஒரு கம்ப்யூட்டரை விநியோக மையமாக வைத்தால், ஒரு தடவை மட்டும் இறக்கி மற்றதுகளுக்கு உள்ளூரிலேயே கொடுத்துவிடும். எட்டு நிமிட வேலை. அதைத் தரையில் வைக்க வேண்டாம். 2023 மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு விஷயத்தை விட்டுவிட முடியாது. வசதிக்காக 38-லும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு இருக்கும், அநேகமாக அலுவலகப் பெயரும் 123-ம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் பரவியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கி, நவி மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் நின்றது. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். மேர்ஸ்க் 45,000 கம்ப்யூட்டர்களை மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. அந்த வைரஸ் நுழைந்தது உக்ரைனின் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக. பிறகு ஒரு கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கிடைத்த அட்மின் பாஸ்வேர்டை எடுத்து அடுத்ததைத் திறந்தது. விண்டோஸில் இப்போது லேப்ஸ் என்ற வசதி உள்ளேயே வருகிறது. டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைத்து, தானே மாற்றிக்கொள்ளும். டொமைன் இல்லாவிட்டால் கையாலாவது வேறு வேறாக வையுங்கள். ஊழியர்கள் தினசரி வேலைக்கு அட்மின் கணக்கில் உட்காரக்கூடாது, முதலாளியும்தான். அவரிடம் சொல்வதுதான் கஷ்டம். விநியோகக் கருவியின் திரைக்கு இரண்டடுக்கு லாகின் கட்டாயம். 38 கம்ப்யூட்டரின் சாவியும் அங்கே தொங்குகிறது.

ஆகவே முதலாளியிடம் இந்த வரிசையில் கேளுங்கள்: கணக்கெடுக்க உங்களுக்கு இரண்டு வாரம், தேவைப்பட்டால் விண்டோஸ் புரோ உரிமங்கள், தேறாத கம்ப்யூட்டர்களுக்கு மாற்று, கடைசியாகக் கருவி. கருவியின் சந்தா இதில் சிறிய தொகையாகத்தான் இருக்கும்.

கிடங்கில் எடைமேடையோடு கட்டப்பட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், இந்தத் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் விண்டோஸ் 7 ஓடும், சீரியல் கேபிளில் தொங்கும், அதன் சாஃப்ட்வேரை எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்து, வட்டை முழுதாக ஒரு நகல் எடுத்து அலமாரியில் பூட்டுங்கள். எடைச் சீட்டை அது இப்போது போலவே அச்சடித்துக்கொண்டு இருக்கட்டும்.