முஸ்லிம் குடும்பத்தில் வேறொருவர் பிள்ளையை வைத்து வளர்க்கலாமா? மார்க்கத்தில் தடை உண்டா?

பிள்ளை இல்லை, தத்து ஹராம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், அரசாங்கத்தின் 'ஃபாஸ்டர் கேர்' மட்டும் கூடுமா, ஜமாஅத்தில் என்ன பேசுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் சேலம்தான், கோட்டைப் பக்கம். எங்கள் வீட்டில் ஒரு பையன் இப்படி வந்து வளர்ந்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஹராம் என்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மார்க்கம் தடுத்தது வம்சத்தை மாற்றுவதை. ஸைத் இப்னு ஹாரிஸாவை நபிகள் நாயகம் (ஸல்) மகனாக வைத்திருந்தபோது ஊரே அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றுதான் அழைத்தது. குர்ஆனில் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் வந்த பிறகு அவர் மறுபடி ஹாரிஸாவின் மகன் ஆனார். அவ்வளவுதான், வளர்ப்பதை அந்த வசனம் நிறுத்தவில்லை. தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால், பிள்ளையை வளர்த்துக்கொள், இனிஷியலை மாற்றாதே. நபியவர்களே தாத்தாவிடமும் அப்புறம் பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்த யதீம் (அநாதை) தானே! யதீமைப் பொறுப்பேற்றவரும் நானும் சொர்க்கத்தில் இப்படி இருப்போம் என்று இரண்டு விரல்களைக் காட்டிய ஹதீஸை எல்லா ஹஜ்ரத்மார்களும் பயானில் சொல்வார்கள். அதைக் கேட்டு நம் ஆட்கள் யதீம்கானாவுக்கு ஒரு வேளை பிரியாணி அனுப்புவார்கள். வீட்டுக் கதவைத் திறப்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

சட்டத்துக்கு வருகிறேன். 1956ஆம் வருடத்து இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890ஆம் வருடத்துச் சட்டப்படி கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் ஆவதுதான் முன்பு இருந்த வழி. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம், வேண்டாம் என்கிறவர்கள் தங்கள் மார்க்கச் சட்டப்படியே இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் தத்தில் குழந்தை முழுக்க உங்கள் பிள்ளையாகிவிடும், பெற்றவர்களோடு சட்ட உறவு அறுந்துவிடும். நம் வீடுகளில் மனம் இடறுவது அங்கேதான்.

நீங்கள் கேட்ட ஃபாஸ்டர் கேர், அதாவது வளர்ப்புப் பராமரிப்பு, அப்படி இல்லை. 2015ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அது. குழந்தையின் பெயர், இனிஷியல், பெற்றவர்களின் சொத்தில் அதற்குள்ள பாத்தியதை எல்லாம் அப்படியே இருக்கும். சோறு, படிப்பு, வைத்தியம் நம் பொறுப்பு. நம் ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) கஃபாலா என்று இருப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 20ஆம் பிரிவு கஃபாலாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. என்னைக் கேட்டால் தத்தை விட இது நமக்கு எளிதாக ஒத்துவரும்.

எங்களிடம் வந்தவனைப் பற்றி. பெயர், தோட்டம் எதுவும் சொல்ல மாட்டேன், அப்படிக் காட்டிக்கொடுப்பதைச் சட்டமும் தடுக்கிறது. அத்தா மௌத்தாகிவிட்டார். அம்மா ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. அவருக்கு நீண்ட வைத்தியம் தேவைப்பட்டது, பார்த்துக்கொள்ள உறவு இல்லை. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு எங்களிடம் அனுப்பியது. மலையில் வளர்ந்த பிள்ளை. சேலத்துச் சித்திரை வெயிலில், ஃபேன் முழு வேகத்தில் ஓட, கம்பளியை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டுதான் தூங்குவான். எடுத்தால் எழுந்துவிடுவான். வியர்வையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

அம்மா என்றால் அவன் அம்மா ஒருவர்தான், என்னை மாமி என்று கூப்பிடட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் மாமு, என் மாமியார் நன்னி. உடம்பு கொஞ்சம் தேறியதும் அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பையில் ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வருவார். குழு மறுத்தால் ஒழிய, பெற்றவர் வந்து பார்க்கச் சட்டமே இடம் தருகிறது. "இப்படி வந்து வந்து பையனைத் தன் பக்கம் இழுத்துடுவா" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவன் எப்போது எங்கள் பக்கம் இருந்தான்? இந்த ஏற்பாட்டையே முதலில் எதிர்த்த என் மாமியார்தான் அந்த அம்மாவை அஸர் தொழுகை நேரம் வரை பிடித்து உட்காரவைத்து, "சாப்பிட்டுப் போ புள்ள" என்று நிற்பார். அந்த அம்மா குணமானதும் பையன் மலைக்கே திரும்பிவிட்டான். இப்போதும் பெருநாளைக்கு வருகிறான்.

எல்லோரும் தணிந்த குரலில் கேட்பது பர்தாவைப் பற்றி. நியாயமான கேள்விதான். பால்குடி உறவு, அதாவது பால் கொடுத்ததால் பெற்ற பிள்ளைபோல் ஆகிற உறவு, கைக்குழந்தைப் பருவத்தில் பால் கொடுத்தால்தான் உண்டாகும். வளர்ப்புப் பராமரிப்புக்கு வருவதோ 6 வயது முடிந்த பிள்ளைகள். ஆகவே பெண் பிள்ளை பருவம் அடைந்ததும் வீட்டு ஆண்களுக்கு அவள் மஹ்ரம் (திருமணம் கூடாத நெருங்கிய உறவு) அல்ல, பையன் பெரியவனானால் உங்களுக்கும் அப்படித்தான். தனி அறை, தலையில் துப்பட்டா, தனியே இருக்க விடாமல் ஒரு பெரியவர் என்று நம் கூட்டுக் குடும்பங்களில் மச்சினன், கொழுந்தனோடு ஏற்கெனவே பழகிய ஒழுங்குதான் இது. உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை அறை என்று பார்த்து, பையனா பெண்ணா என்று ஆய்வுக்கு வருபவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சொத்து விஷயம் சுலபம். வளர்த்த பிள்ளை வாரிசு ஆகாது. வாரிசு இல்லை என்பதாலேயே வஸிய்யத்தில் (உயிலில்) மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். உயிரோடு இருக்கும்போது ஹிபாவாக (அன்பளிப்பாக) எவ்வளவும் கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரி ஆயா மூலமாகவோ தெரிந்தவர் மூலமாகவோ கைமாற்றாகக் குழந்தை வாங்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே நம் சேலத்தில்தான். இங்கே இருந்துகொண்டு குறுக்கு வழி தேட அவசியம் இல்லை.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கலெக்டர் ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், வருமானம், உடல்நலம் எல்லாம் விசாரிப்பார்கள். குழந்தை வந்த பிறகும் மாதாமாதம் பார்வையிடுவது உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. 2024ஆம் வருடத்து வழிகாட்டுதலில் தனியாக இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். நீங்கள் பிள்ளை இல்லாதவர்கள். வருகிற குழந்தை பெரும்பாலும் ஒருநாள் தன் வீட்டுக்குத் திரும்பும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. சட்டப்படி தத்துக்குத் தகுதியான குழந்தை உங்களிடம் இரண்டு வருடம் இருந்தால் அப்புறம் தத்துக்கு விண்ணப்பிக்க இப்போது வழி உண்டு, முன்பு ஐந்து வருடமாக இருந்தது. ஆனால் அதை நம்பி இதில் இறங்காதீர்கள். கடைசிவரை கூட இருக்கும் பிள்ளைதான் வேண்டும் என்றால் தத்தைப் பற்றி ஒரு நல்ல ஆலிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். திரும்பிப் போனாலும் பரவாயில்லை என்று இரண்டு பேருக்கும் தோன்றினால் விண்ணப்பம் கொடுங்கள். ஜமாஅத்தில் பேசத்தான் செய்வார்கள். எங்களைப் பற்றிப் பேசியவர்களில் இரண்டு குடும்பம் பிற்பாடு என்னிடமே வந்து, எந்த ஆபீஸ், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போனார்கள்.