சாம்பல் மேகம் போய்விட்டது, விடியற்காலை இழுப்பு போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 58. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். இருபது வருடமாக வீசிங் உண்டு. நவம்பர் கடைசியில் எத்தியோப்பியா எரிமலைச் சாம்பல் இந்தியாவுக்கு வந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து தொண்டை எரிச்சல், கண் உறுத்தல், படபடப்பு, கை நடுக்கம். சாம்பலில் கண்ணாடித் தூள் இருக்கிறது, நுரையீரலைக் கிழித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஜன்னல்களை அடைத்துவிட்டேன், வீட்டுக்குள்ளும் மாஸ்க்தான். மழையில் கொசு அதிகம் என்பதால் ராத்திரி சுருள் கொளுத்துகிறோம். மருந்துக்கடையில் கேட்டுத் தியோஃபிலின் மாத்திரையும் சிப்ரோஃப்ளாக்சசினும் சாப்பிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு இழுப்பு வருகிறது, இன்ஹேலர் பம்ப் அடித்தால் சரியாகிவிடும். இரண்டு மாதம் வரும் நீல பம்ப் இப்போது ஒரு மாதம்கூட வருவதில்லை. ஜனவரி கடைசியில் மகளின் பிரசவத்துக்காகப் பாரிஸ் போக டிக்கெட் போட்டிருக்கிறோம். சாம்பல் மறுபடி வந்தால் விமானத்தில் எனக்கு ஏதாவது ஆகிவிடுமா? ரத்து செய்துவிடலாமா?

பதில்: டிக்கெட்டை இப்போது ரத்து செய்யாதீர்கள் அம்மா. பிள்ளை பிறக்கும்போது மகள் பக்கத்தில் இருக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். உங்களால் போக முடியும் என்றுதான் நினைக்கிறேன். கையில் ஆறேழு வாரம் இருக்கிறது. அந்த நாட்களில் எரிமலையை மறந்துவிட்டு உங்கள் மூச்சுக் குழாயைக் கவனிக்க வேண்டும்.

கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது சாம்பல் அல்ல. போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகள். மூன்று மணிக்கு இழுப்பு வந்து எழுந்திருக்கிறீர்கள். நீல பம்ப் ஒரு மாதம்கூட வருவதில்லை. "பம்ப் அடித்தால் சரியாகிவிடும்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது சரியாவதில்லை.

ஒரு நீல பம்பில் 200 அழுத்தம் இருக்கும். ஒரு மாதத்துக்குள் தீர்கிறது என்றால் நாளைக்கு ஏழுக்குக் குறையாமல் அடிக்கிறீர்கள். நன்றாகக் கட்டுப்பட்ட ஆஸ்துமாவில் அந்த பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது. வருடத்துக்கு மூன்று பம்ப் செலவானாலே நோய் பெரிதாக வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டை எட்டினால் ஆஸ்துமாவால் இறக்கும் ஆபத்தே கூடுகிறது. நீங்கள் இப்போது போகும் வேகம் அந்தப் பன்னிரண்டை நோக்கித்தான். பயமுறுத்த இதை எழுதவில்லை. நீங்கள் பயப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

நீல பம்பில் இருப்பது சால்பியூட்டமால். மூச்சுக் குழாயைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தசையை அது சில நிமிடங்களில் தளர்த்திவிடும், நாலு மணி நேரம் போல நிம்மதியாக இருக்கும். ஆனால் குழாயின் உள்பக்கம் வீங்கி, சளி கோத்துக்கொண்டிருக்கிறதே, அந்த வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைப்பது மாதிரிதான். வாளி நிறைய நிறைய மாற்றுகிறீர்கள், ஓடு மாற்ற ஆள் கூப்பிடவில்லை. ஓடு மாற்றுகிற வேலையைச் செய்வது ஸ்டீராய்டு கலந்த தடுப்பு பம்ப். இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டியது அது. யாரும் எழுதித் தரவில்லையா, அல்லது எழுதித் தந்ததை நிறுத்திவிட்டீர்களா, கடிதத்தில் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் "ஸ்டீராய்டு" என்ற சொல்லைக் கேட்டே நிறுத்தியவர்கள். இழுக்கும் மருந்தில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில் விழுங்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அடித்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

ஆகவே இந்த வாரமே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஜிப்மர் உங்களுக்குப் பக்கம்தான். போகும்போது பம்பை எடுத்துப்போய் அவர் எதிரிலேயே அடித்துக் காட்டுங்கள். மூடியைக் கழற்றி, குலுக்காமல், வாயில் வைத்து 'புஸ்' என்று அடித்துவிட்டு, நாக்கில் பட்ட மருந்தை விழுங்கிவிட்டு "முடிஞ்சுது டாக்டர்" என்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். மருந்து வயிற்றுக்குப் போய்விடும், நெஞ்சுக்குப் போகாது. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போது அழுத்தி, இழுத்த மூச்சைப் பத்து எண்ணும் வரை பிடித்திருக்க வேண்டும். இந்தக் கை வேகமும் மூச்சு வேகமும் ஒத்து வராதவர்களுக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை.

அதற்குள் ஒரு நாள், அடித்த பம்ப் நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றாலோ, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை என்றாலோ, விடியட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, நீல பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு முதல் பத்து அழுத்தம் வரை எடுங்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் உங்களால் சொல்ல முடியாது.

அடுத்து அந்த மாத்திரைகள். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். படபடப்பும் கை நடுக்கமும் எத்தியோப்பியாவிலிருந்து வரவில்லை, உங்கள் மாத்திரை டப்பாவிலிருந்து வருகின்றன. தியோஃபிலின் மூச்சுக் குழாயை விரிக்கும் மாத்திரை, ஆனால் அளவு சற்றுக் கூடினாலே நஞ்சாகிவிடும். அதைக் கல்லீரல் கரைத்து வெளியேற்றுவதைச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தியோஃபிலின் ரத்தத்தில் தேங்கி ஏறிக்கொண்டே போகும். படபடப்பு, நடுக்கம், வாந்தி, முற்றினால் வலிப்பு. இதோடு நாளைக்கு ஏழு தடவை நீல பம்ப் வேறு, அதுவும் இதயத்தை ஓட வைப்பதுதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது நம் ஊரில் டீக்கடையில் டீ வாங்குவது மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. வீசிங்குக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு? காய்ச்சல் உண்டா, சளியின் நிறம் என்ன என்று உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மாத்திரையை நிறுத்திய பிறகும் படபடப்பு இருந்தாலோ, வாந்தி வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

சரி, ஜன்னல். சாம்பல் வந்துவிடும் என்று ஜன்னலை அடைத்துவிட்டு, அடைத்த அறைக்குள் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் பிடித்ததற்குச் சமம் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கொளுத்தினால் விடியற்காலைக்குள் அறை முழுக்கப் புகை நிறைந்துவிடும். மூன்று மணிக்கு ஏன் இழுப்பு என்று இனி கேட்க வேண்டியதில்லை. போதாததற்கு இது நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். கடற்கரை ஊரில் சுவர் ஓதம் காத்து, பீரோவுக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை பூத்திருக்கும். மஞ்சக்குப்பத்தில் என் கிளினிக்கில் ஒவ்வொரு கார்த்திகையிலும் வீசிங் கூட்டம் கூடுவது இதனால்தான். எத்தியோப்பியாவில் எது வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் கூடும். இன்றே ஜன்னலைத் திறங்கள். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். கட்டில் தலைமாட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துத் துடைக்கச் சொல்லுங்கள், நீங்கள் துடைக்க வேண்டாம். சாம்பிராணியும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கண் உறுத்தலும் தொண்டை எரிச்சலும் இதிலேயே பாதி அடங்கிவிடும். வீட்டுக்குள் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

இனி அந்தச் சாம்பல். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இருக்கும் ஹைலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் ஏறி, செங்கடல், ஏமன், ஓமன் தாண்டி 24-ஆம் தேதி இரவு குஜராத், ராஜஸ்தான், டெல்லிக்கு மேலே வந்தது. மறுநாள் இரவுக்குள் சீனா பக்கம் நகர்ந்துவிட்டது. வந்ததும் மேல் வானத்தில்தான், விமானங்கள் பறக்கும் உயரத்தில். கீழே டெல்லிக்காரர்கள் மூச்சிலேயே அது கலக்கவில்லை, முத்தியால்பேட்டைக்கு எப்படி வரும்?

கண்ணாடித் தூள் என்பது பொய் அல்ல. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. நொறுங்கிய பாறையும் கண்ணாடியும்தான் அது. எரிமலைக்கு அருகில் குடியிருந்து, தலைமேல் சாம்பல் மழையாகக் கொட்டினால் கண் உறுத்தும், இருமல் வரும். கூடவே வரும் கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைத் தூண்டும். அமெரிக்காவில் 1980-ல் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்தபோது காற்று வீசிய பக்கத்து ஊர்களில் வீசிங்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கூடினார்கள். அங்கேகூட நுரையீரலைக் கிழித்தது என்ற கதை கிடையாது. கல்தூசி நுரையீரலைக் கெடுக்க ஆண்டுக்கணக்காகும். வானூர் பக்கம் கிரஷரில் வருடக்கணக்கில் தூசியை இழுத்தவர்களின் எக்ஸ்ரேவை நான் பார்க்கிறேன். அவர்கள் மாஸ்க் இல்லாமல் நிற்கிறார்களே என்றுதான் எனக்கு ஆற்றாமை. நாளைக்கு அந்தமானில் பாரன் தீவு புகைந்தாலும் இதே செய்தி உங்கள் போனுக்கு வரும். திறக்காமல் அழித்துவிடுங்கள்.

விமானம் ரத்தாவது உங்கள் நுரையீரலுக்காக அல்ல, எஞ்சினுக்காக. எரிமலைச் சாம்பல் சுமார் 1,100 டிகிரியில் உருகும். ஜெட் எஞ்சினின் உள் சூடு அதையும் தாண்டும். உருகிய சாம்பல், பதம் தாண்டிய வெல்லப்பாகு கரண்டியில் இறுகுவதுபோல, எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளில் ஒட்டி இறுகிவிடும். 1982 ஜூன் 24 அன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவா தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் புகுந்து, நாலு எஞ்சினும் நின்று, காற்றில் மிதந்தே கீழே இறங்கி, எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்று ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. ஒருவர்கூட இறக்கவில்லை. அப்போது எச்சரிக்க ஆள் இல்லை. இப்போது உலகம் முழுக்க ஒன்பது மையங்கள் சாம்பலைக் கண்காணிக்கின்றன. ஹைலி குப்பியின் சாம்பலைத் தொடர்ந்து பார்த்தது பிரான்சில் உள்ள துலூஸ் மையம், உங்கள் மகள் இருக்கும் நாடுதான். சாம்பல் இருந்தால் விமானம் கிளம்பாது, அல்லது சுற்றிப் போகும். அதற்குள் உங்களை ஏற்றிக்கொண்டு போக மாட்டார்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பது மாதிரி இருக்கும். ஊட்டி ஏறக்குறைய 7,300 அடி. கட்டுப்பாட்டில் உள்ள ஆஸ்துமாக்காரர்கள் ஊட்டிக்குப் போய்வருவதில்லையா? ஆனால் இன்றைய நிலையில், ராத்திரி இழுப்போடு, உங்களை ஊட்டிக்கே அனுப்ப மாட்டேன். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் ஒரு இரவுகூட இழுப்பு வந்து எழாமல், நீல பம்ப் வாரம் இரண்டு தடவைக்குள் அடங்கி, மாடிப்படி ஏறிக்கொண்டே பேச முடிந்தால் போய்வாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் தேதியை மாற்றுங்கள்.

சாம்பலால் உங்களுக்கு வரக்கூடிய உண்மையான தொல்லை ஒன்று உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஏயாஃபியாட்லாயோகுட்ல் வெடித்து ஐரோப்பிய வானத்தையே ஏறக்குறைய ஒரு வாரம் மூடினார்களே, அப்போது என் நோயாளி ஒருவர் பாரிஸ் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். பம்ப் எல்லாம் பெரிய பெட்டியில், பெட்டி விமானக் கம்பெனியிடம். சட்டைப்பையில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் தீரும் நிலையில். பெஞ்சில் படுத்துக்கொண்டு, பம்பைக் காதருகே குலுக்கிக் குலுக்கி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இரண்டு இரவு கழித்ததாகச் சொன்னார். மூன்றாம் நாள் யாரோ ஒரு தமிழ்ப் பையன் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறான். மருந்துச் சீட்டு இல்லாததால் அங்கே பேசிப் புரியவைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

அதனால் தடுப்பு பம்ப் இரண்டு, நீல பம்ப் இரண்டு, ஸ்பேசர், எல்லாம் தோளில் மாட்டும் கைப்பையில் இருக்கட்டும். மருத்துவரிடம் மருந்தின் மூலப் பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டு எழுதி வாங்கி அதே பையில் வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், பச்சைக் குழந்தையைத் தூக்கப் போகிறீர்கள். ஜனவரிப் பாரிஸ் குளிர் மூச்சுக் குழாயைச் சுருக்கும், வெளியே போகும்போது சால்வையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

தீர்ந்துபோன பம்ப் டப்பாக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் அதைத்தான் எண்ணிப் பார்ப்பார்.