'ஸ்பீடி'யின் 4 பவுண்டு பீரங்கி: எடை எதனுடையது?

வணக்கம். 'ஸ்பீடி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பற்றி மொழிபெயர்க்கும்போது, '4 பவுண்டு பீரங்கி' என்பதில் 4 பவுண்டு பீரங்கியின் எடையா, குண்டின் எடையா என்று கேட்டிருந்தீர்கள். அது குண்டின் எடைதான், ஏறத்தாழ 1.8 கிலோ, உள்ளங்கையில் அடங்கும் இரும்புருண்டை. 1782இல் டோவரில் கடலில் இறக்கப்பட்ட, இரண்டே பாய்மரங்கள் கொண்ட அக்கப்பலில் இத்தகைய பீரங்கிகள் 14 இருந்தமையால், ஒரு பக்கத்து ஏழும் சேர்ந்து முழங்கினாலும் பாய்ந்தது 28 பவுண்டு இரும்பு மட்டுமே. அத்தனை குண்டுகளையும் சட்டைப்பைகளில் போட்டுக்கொண்டு தளத்தில் உலாவியதாக அக்கப்பலின் தலைவர் காக்ரேன் கூறியது மிகையன்று என்பது இதனால் தங்களுக்கு விளங்கும்.

இந்த எடையைப் பிழையாக எழுதினால் 1801 மே 6ஆம் நாள் நிகழ்ந்த போரின் அருமையே மறைந்துவிடும். பார்சிலோனாவுக்கு அருகே, 32 பீரங்கிகளும் 319 பேரும் கொண்ட ஸ்பானியக் கப்பல் 'காமோ'வை 54 பேருடன் காக்ரேன் ஒட்டி நெருங்கியபோது, எதிரியின் குண்டுகள் தலைக்குமேல் பறந்து பாய்களைக் கிழிக்க, இவருடைய சிறு குண்டுகளோ கீழிருந்து மேல்நோக்கி எதிரியின் தளத்தைத் துளைத்தன. பின்னர் மருத்துவரிடம் சுக்கானை ஒப்படைத்துவிட்டு, ஏனையோர் எதிரிக் கப்பலில் பாய்ந்தேறினர். அதே ஆண்டு ஜூலை 3ஆம் நாள் பிரெஞ்சுக்காரர்கள் 'ஸ்பீடி'யைக் கைப்பற்றிவிட்டனர்.